மத்திம எலும்பு

என் வலது முன்கை எலும்பு இரண்டு முறை ஒடிந்து கூடியது. முதல் தடவை பள்ளிக்கூடம் போகிற வயதில், மலைப்படியில் ஓடி இறங்கும்போது. அடுத்தது மீசை வந்த பிறகு, குளத்துப் படியில் பாசி வழுக்கி. இரண்டு தடவையும் திருத்தணியில் ரயிலேறி, எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, சுற்றிலும் துணி. கட்டைப் பிரித்ததும் தறியில் உட்கார்ந்தேன். கை வேலை செய்தது. அதற்குமேல் அந்த எலும்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குத்தான் இருந்தது. ஒரு வருஷத்தில் பாதிக்கு மேல், என் எலும்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அக்காவைப் பக்கத்துத் தெருவிலேயே கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அது எனக்கு வசதியாகவும் இருந்தது, தொந்தரவாகவும் இருந்தது. நான் அஞ்சாவதோடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்தால் காது சூடாகிவிடும். அதனால் எனக்குப் பெண் பார்த்ததும் பாவாதான்.

பெண் அம்மையார்குப்பத்தில். அவர்களும் நெசவுக் குடும்பம். நாங்கள் போனபோது அவள் தறியில் இருந்தாள். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், எழுந்து வா என்று உள்ளேயிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டபடியே இருந்தார். அவள் அறுந்திருந்த இழையை முடிந்து, தறிப் பலகையை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்தான் வேண்டும் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவர்கள் வீட்டிலும் சம்மதம் என்று வாய்ச்சொல் வந்தது. அன்றைக்கே அம்மா வேண்டுதலைச் சொன்னாள். எனக்கு நல்ல இடம் அமைந்தால் மலையில் மொட்டை போடுவதாக முருகனிடம் சொல்லியிருக்கிறாளாம். என் தலைதான், ஆனால் எனக்கு அப்போதுதான் தெரியும்.

"கல்யாணம் ஆவட்டுமே, அப்பறமா போட்டா போவுது," என்றேன்.

"அமைஞ்சா போடறேன்னுதான் சொன்னேன். அமைஞ்சிச்சில்ல. அப்பறமா அப்பறமான்னு சொல்லிகினு இருந்தா சாமி சும்மா இருக்குமா?" என்றாள்.

அடுத்து வந்த கிருத்திகையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வந்தேன். எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவில் நாலில் ஒரு தலை அப்படித்தான் இருக்கும். அந்தச் சந்தனம் காய்ந்து உதிர்வதற்குள் அம்மையார்குப்பத்திலிருந்து ஆள் வந்தது.

பெண்ணின் அப்பாவிடம் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், மாப்பிள்ளைப் பையனுக்கு ஒரே கை இரண்டு தடவை ஒடிந்தது, எலும்பு பொத்தல் எலும்பு என்று. சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் மட்டும் நான் என்ன கேட்டுவிடப் போகிறேன்.

அவர் பயந்ததற்கும் காரணம் இருந்தது. அவருடைய பெரிய மருமகன் பஸ் மேலே ஏறி நூல் மூட்டையை இறக்கும்போது தவறி விழுந்து தொடை எலும்பு ஒடிந்தவர். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. தறிக்குழியில் கால் தொங்கவிட்டு மிதியை மிதிக்க முடியாது. பெரிய பெண்தான் புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்து, அவர்களுக்கும் சேர்த்து ஒற்றை ஆளாக நெய்துகொண்டிருந்தாள். சின்னப் பெண்ணுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. அதனால் அவர் சொல்லி அனுப்பினார்: பள்ளிப்பட்டில் தங்கள் வீட்டுக்கே வைத்தியம் பார்க்கிற ஆயுர்வேத வைத்தியர் இருக்கிறார், நாடியும் பார்ப்பார், எலும்பின் தரமும் பார்ப்பார். மாப்பிள்ளையை அவர் பார்த்து நல்ல எலும்பு என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு.

அம்மா கொதித்துப் போனாள். "எம்புள்ளை இன்னா உழவு மாடா, பல்லப் புடிச்சிப் பாக்கறதுக்கு?" என்றாள். பாவா அவளைச் சமாதானம் செய்தார். "கம்முனு இரு அத்தை. போயி காட்டிட்டு வந்துட்டா முடிஞ்சிபோச்சி. காலையில போனா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம்."

பாவா சொல்கிற நேரக்கணக்கு எதுவும் ஒத்து வந்ததில்லை.

பள்ளிப்பட்டு வைத்தியரின் இடம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. முன்கூடத்தில் தைல வாடை. மூட்டுவலிக்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். என்னைப் பார்த்தார், துண்டு கட்டியிருந்த தலையைப் பார்த்தார். தனியாக ஓர் அறை இருக்கும், அதில் வைத்துப் பார்ப்பார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அறை இருந்தது. அதில் லேகியம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"சட்டையக் கழட்டுங்க. வேட்டிய முட்டிக்கு மேல தூக்கிக் கட்டுங்க," என்றார் வைத்தியர்.

சுவரோரமாக இருந்த அம்மாள் ஒருத்தி வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

வைத்தியர் நல்ல மனிதர்தான். படித்தவர், அவசரப்படாதவர். அந்த அவசரப்படாமைதான் எனக்கு வினையாக வந்தது. ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லிக்கொண்டே செய்தார். உடம்பில் ஏழு தாது. சாப்பாடு சாறாகி, ரத்தமாகி, சதையாகி, கொழுப்பாகி, அப்புறம்தான் எலும்பாகும். எலும்பு உள்ளே இருப்பதால் கண்ணால் பார்க்க முடியாது. அது வெளியே தலை காட்டுகிற இடங்களைப் பார்க்க வேண்டும். குதிகால், கணுக்கால், முட்டி, முழங்கை, காறை எலும்பு, தாடை. இவை பருத்துத் திரண்டிருக்க வேண்டும். பல் உறுதியாக இருக்க வேண்டும். அப்புறம் நகமும் முடியும். எலும்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கழிக்கிற மிச்சம்தான் நகமும் முடியுமாக வெளியே வருகிறது. மிச்சத்தைப் பார்த்தால் சரக்கு தெரியும் என்றார்.

பெண்ணின் அப்பா கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாவா எல்லாம் முன்பே தெரிந்தவர்போலத் தலையாட்டினார்.

குதிகாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார் வைத்தியர். கட்டை விரலால் அழுத்தினார். "இது தறிக்குழியில இருக்கிற காலு. காய்ப்பு காய்ச்சிப் போயிருக்குது. இதுல எலும்பு எவ்ளோ, தோலு எவ்ளோன்னு சொல்ல முடியல," என்று கீழே வைத்தார்.

பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். என் முன்பல் இரண்டிலும் சின்னப் பள்ளம் இருக்கும். பெண்ணின் அப்பா குனிந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"பல்லு அரிச்சிப் போயிருக்குதே," என்றார்.

"நூலு கடிச்சதுங்க," என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

"உங்களுக்கும் அதே பள்ளம் கீதேங்க மாமா," என்றார் பாவா. பெண்ணின் அப்பா உடனே வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தது நகம். வைத்தியர் என் கையை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பத்து நகமும் அரக்குச் சிவப்பு. அப்போது நூல் கொடுக்கிற முதலாளிக்கு நான் சாய வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியில் கையை விட்டு நூலைப் புரட்டினால் நகம் சாயத்தைக் குடித்துவிடும். கல்லில் தேய்த்தாலும் போகாது.

"இது இன்னா நிறம்?"

"சாயம்ங்க. போன மாசம் வந்திருந்தா நீலமா இருந்திருக்கும்," என்றார் பாவா.

வைத்தியர் பெருமூச்சு விட்டார். "சரி, துண்ட எடுங்க. முடியப் பாப்போம்."

எடுத்தேன்.

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வைத்தியர் என் தலையைத் தடவிப் பார்த்தார். வேறென்ன செய்வார். பெண்ணின் அப்பாவின் முகம் மாறிப் போனது. பாவாவை ஓரமாக அழைத்துக் கேட்டார். மெதுவாகக் கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"முடியப் பாப்பாருன்னு தெரிஞ்சிதான் மழிச்சிகினு வந்துட்டீங்களா?"

"இன்னா மாமா இப்டிக் கேக்குறீங்க? வேண்டுதலுங்க. உங்க பொண்ணு அமைஞ்சதுக்குத்தான் இவங்கம்மா போட வெச்சிச்சி."

"அமைஞ்சிச்சின்னு யாரு சொன்னது?"

வைத்தியர்தான் நடுவில் புகுந்தார். நகமும் முடியும் இல்லாமல் தான் ஒன்றும் சொல்ல முடியாது, முடி இரண்டு மூன்று விரல்கடை வளரட்டும், சாயம் பட்ட நகம் வெட்டுப்பட்டுப் புது நகம் வரட்டும், அதுவரை சாயத்தொட்டியில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கட்டின வேட்டியை இறக்கிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தேன். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வரவில்லை.

இதையெல்லாம் கேட்டதும் அம்மா ஒரே மூச்சில் இரண்டு முடிவு எடுத்தாள். அந்த ஆளின் முகத்தில் இனிமேல் விழிக்க மாட்டாள். அடுத்தது, அந்த ஆள் வாயடைத்துப் போகிற மாதிரி என் எலும்பை ஆக்கிக் காட்டுவாள்.

அன்றிலிருந்து தினமும் பிரண்டைத் துவையல். ஒடிந்த எலும்பு கூடுவதற்குப் பிரண்டையை விட்டால் வேறில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பிரண்டையின் நாரை உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரித்துக் கொன்றுவிடும். அதிகம் வதக்கினால் சத்து போய்விடும் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அரைகுறையாக வதக்கி அரைத்து வைப்பாள். நான் சாப்பிட்டுவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டே தறியில் உட்காருவேன்.

"அரிக்குதும்மா."

"அரிச்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம்."

அது போக எள்ளுருண்டை, கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, உளுந்தங்களி. நல்லெண்ணெய் தேய்த்து வெயிலில் நிற்க வைப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். அம்மா மறைக்க மாட்டாள். விசாரித்தவர்கள் சும்மா போகாமல் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திப் பார்ப்பார்கள். பால்காரர் அழுத்தினார். தறிக்கு நூல் தார் சுற்ற வருகிற அம்மாள் அழுத்தினாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அழுத்திவிட்டு, சுண்ணாம்புச் சத்து என்று சொல்லிவிட்டுப் போனார். அழுத்துகிறவர் யாராக இருந்தாலும் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வார், பிறகு உதட்டைப் பிதுக்குவார். எலும்பைத் தொட்டால் எல்லோருக்கும் வைத்தியர் முகம் வந்துவிடுகிறது.

சாய வேலையை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை அரித்தது வேறு. அம்மையார்குப்பத்தில் அவர்கள் காத்திருப்பார்களா என்பது தெரியவில்லை. ஆடி வந்தது, ஆடியில் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம் என்றார்கள். ஆவணியில் போகலாம் என்றால் வைத்தியர் மூலிகை வாங்க எங்கேயோ மலைப் பக்கம் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். அதற்குள் சோளிங்கரிலிருந்து ஓர் இடம் அந்தப் பெண்ணை வந்து பார்த்துவிட்டுப் போனதாக அக்கா காதில் விழுந்தது. அவர்கள் பையனுக்கு எங்கேயும் ஒடிந்ததில்லையாம்.

"போவட்டும் விடு மச்சா. ஊர்ல வேற பொண்ணே இல்லியா?" என்றார் பாவா.

நான் தறியை ஓட்டினேன். அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தில் ஊடு நூல் ஓட்டுகிற நாடா தறியை விட்டு எகிறிப் போய்க் கதவில் விழுந்தது.

ஐப்பசியில், தீபாவளி வேலை எல்லாம் முடிந்த பிறகு, வைத்தியர் வந்துவிட்டார், வரச் சொல்கிறார் என்று ஆள் வந்தது. தலையில் சீப்பு நிற்கிற அளவு முடி வளர்ந்திருந்தது. நகம் சாயம் போய் வெள்ளையாக வந்திருந்தது. அம்மா அதை வளர்ப்புப் பிள்ளைபோலப் பார்த்து வந்தாள். ஒரு கையில் சுண்டு விரல் நகம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதென்று அதற்குத் தனியாக எலுமிச்சம்பழம் தேய்த்தாள்.

போவதற்கு முந்தின நாள், தீபாவளிக்குப் பிறகு முதல் தடவையாக, முதலாளி வீட்டிலிருந்து புதுப் பாவு வந்தது. தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற இழைகள், மெல்லிய நூல். நெசவாளி யாராக இருந்தாலும் புதுப் பாவைத் தொடுவதற்கு முன் பிளேடை எடுத்து நகத்தை ஒட்ட வெட்டிவிடுவான். நகம் பட்டால் இழை கொக்கிபோட்டு அறுந்துவிடும். தறிக்காரன் கை இதை யோசித்துச் செய்வதில்லை. சாப்பிடுவதற்கு முன் கை கழுவுகிற மாதிரிதான். நான் பத்து நகத்தையும் வெட்டி, ஓரத்தை உரசி வழவழப்பாக்கி, பாவைப் பிணைக்க உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிப்பட்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பாவா என் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மச்சா, நகம் எங்க?"

நானும் அப்போதுதான் பார்த்தேன்.

"வெட்டிட்டியா? நேத்தா? ஆறு மாசம் காத்துகினு இருந்துட்டு நேத்து வெட்டுனியா?"

"புதுப் பாவு வந்துச்சி," என்றேன்.

பாவாவும் ஒரு காலத்தில் நெய்தவர்தான். திட்ட வாயெடுத்தவர், ஒட்ட வெட்டியிருந்த தன் நகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தத் தடவையும் சட்டையைக் கழற்றினேன், வேட்டியைத் தூக்கிக் கட்டினேன். கையை நீட்டினேன். வைத்தியர் நகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெண்ணின் அப்பாவைப் பார்த்தார்.

"நெசவுக்காரங்கள இனிமே நான் பாக்கறதில்லை," என்றார்.

ஆனால் பார்த்தார். இருந்த நகத்தையே அழுத்திவிட்டு, ரத்தம் திரும்புவதைக் கவனித்தார். முடியைச் சுண்டி இழுத்தார். முட்டியை மடக்கி நீட்டிக் காதை அருகில் வைத்துக் கேட்டார். காறை எலும்பை விரலால் ஓட்டிப் பார்த்தார். கடைசியில் ஒடிந்த இடத்துக்கு வந்து அங்கேயே வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். சுவரோரத்து நோயாளிகள் எல்லோரும் வலி இல்லாதவர்கள்போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு தரம் கீது. உத்தமம், மத்திமம், அதமம். இவரு எலும்பு மத்திமம்," என்றார்.

பெண்ணின் அப்பா முன்னால் வந்தார். "மத்திமம்னா ஒடையுமா, ஒடையாதா?"

"விழுந்தா ஒடையும்."

"உத்தமம்னா?"

"அதுவும் விழுந்தா ஒடையும்."

"அப்ப இன்னாத்துக்குங்க இவ்ளோ நாளு காக்க வெச்சீங்க?"

"நீங்கதானே தரம் பாக்கச் சொன்னீங்க. ஒடையுமான்னு பாக்கச் சொல்லலியே."

எனக்கு அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஒரு வழியாக வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்பதற்கா அவ்வளவு பிரண்டையைத் தின்றேன். பெண்ணின் அப்பா தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் மனசில் சோளிங்கர் ஓடுகிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

பாவாதான் கேட்டார். கோபத்தில் கேட்டாரா, சும்மா கேட்டாரா தெரியவில்லை. "ஏங்க, இவங்க பெரிய மருமவன் தொடை ஒடைஞ்சப்ப உங்ககிட்டதானே காட்டுனாங்க. அவருக்கு இன்னா தரம் போட்டீங்க?"

வைத்தியர் யோசிக்கவே இல்லை. "அவருக்கா? உத்தமம். அந்த மாதிரி எலும்ப நான் அதிகம் பாத்ததில்லை. குதிகாலு, தாடை, பல்லு எல்லாம் இரும்பு."

லேகியம் கிண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப ஏன் அது சரியா கூடல?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது. இதை அவர் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து, கேட்காமல் இருந்திருக்க வேண்டும்.

"எலும்பு சாரம் நல்லா இருக்கிறவனுக்கு ஒரு கொணம் உண்டு. சும்மா இருக்க மாட்டான். வலியத் தாங்குவான், சுறுசுறுப்பா ஓடிகினே இருப்பான். வைத்திய நூல்லயே அப்டித்தான் சொல்லியிருக்குது. கட்டுப் போட்டு அசையாம படுன்னு சொன்னேன். கொஞ்ச நாள்ல எழுந்து தறிக்கு நடந்துட்டாரு. வலி தாங்குறவரு இல்லியா, நடந்துட்டாரு. எலும்பு நழுவிடுச்சி. மட்டமான எலும்பா இருந்திருந்தா வலி தாங்காம படுத்தே கிடந்திருப்பாரு, நேரா கூடியிருக்கும்."

பெண்ணின் அப்பா பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நோயாளி அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வைத்தியர் என் கையைத் திரும்ப எடுத்தார். "இதப் பாருங்க. ரெண்டு தடவை ஒடைஞ்ச இடம். நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்குது. கட்டுனவங்களும் நல்லா கட்டியிருக்காங்க, இவரும் அசையாம இருந்திருக்காரு. ரெண்டு தடவையும்." என்னைப் பார்த்தார். "எப்டி இருந்தீங்க?"

கட்டுப் போட்ட கையோடு தெருவில் போனால் நாலு பேர் நின்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும், அதற்குப் பயந்துகொண்டு கட்டுப் பிரிக்கிறவரை வீட்டை விட்டே வெளியில் வரவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாத்தீங்களா. இதான்," என்றார் வைத்தியர். எது என்று எனக்குப் புரியவில்லை.

பெண்ணின் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. என்னை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வைத்த இடத்தில் இருக்குமா என்று ஒரு பானையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். "தம்பி, நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, படுன்னா படுப்பியா?"

"படுப்பான், படுப்பான். எழுப்பறதுதான் கஷ்டம்," என்றார் பாவா.

"அப்ப வாங்க. ஊட்டுக்குப் போயி பேசலாம்."

அம்மையார்குப்பம் வரைக்கும் பஸ்ஸில் அவர் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் உட்கார், காற்று வரும் என்றார். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். எரிச்சல்தான் வந்தது. தைரியமானவன் என்று சொல்லவில்லை, வேலைக்காரன் என்று சொல்லவில்லை. எத்தனையோ நல்ல சேலை நெய்திருக்கிறேன், அதில் ஒன்றைக்கூட இவர்கள் யாரும் விரித்துப் பார்க்கவில்லை. போட்ட இடத்தில் கிடப்பான் என்பதற்காகப் பெண் கொடுக்கிறார்கள்.

வீட்டில் பெரிய மருமகன் ஒரு காலை நீட்டிக்கொண்டு ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஒடிந்த காலைத் தவிர மற்றபடி ஆள் மலைபோல இருந்தார். ராட்டை பறந்தது. அவர் ஒரு தாரைச் சுற்றுகிற நேரத்தில் நான் பாதிதான் சுற்றுவேன். எனக்குப் பார்த்த பெண் தறியில் இருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டித் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

பெண்ணின் அப்பா நடந்ததைச் சொன்னார். பெரிய மருமகன் எலும்பைப் பற்றி வைத்தியர் சொன்ன இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். ஆனால் மருமகனுக்குக் கேட்டுவிட்டது.

"உத்தமம்னா சொன்னாரு?" என்றார். ராட்டையை நிறுத்தினார். "மொத தடவையே எங்கிட்ட சொல்லியிருந்தா நானு படுத்தே இருந்திருப்பேன் மாமா. எல்லாம் எனுக்குத் தாங்கும்னு யாருனா ஒருத்தர் சொல்லுவாங்கன்னுதான் எழுந்து நடந்தேன். யாரும் சொல்லல, நானே சொல்லிகினேன்."

அவர் திரும்ப ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "தை மாசம் வெச்சிக்கலாம்னு பாக்குறேன்," என்றார் பாவாவிடம்.

தறி நின்றது.

"நைனா," என்று அப்பாவைக் கூப்பிட்டாள் அவள். திரும்பவில்லை. "பல்லு பாத்தீங்க. நகம் பாத்தீங்க. முடி வளர்றதுக்குக் காத்துகினு இருந்தீங்க. சோளிங்கர்காரனும் வந்து உக்காந்து காபி குடிச்சிட்டுப் போனான். இத்தினி மாசமா இந்த ஊட்ல எலும்பு, எலும்பு, எலும்பு. நானு கேக்குறதச் சொல்லுங்க. இவருக்கு வாயி கீதா இல்லியான்னு யாருனா பாத்தீங்களா? அன்னிக்கி வந்தப்பவும் பேசல. இன்னிக்கும் வந்ததுலேர்ந்து பேசல."

பாவா தொண்டையைச் செருமினார். "அவன் அப்டித்தாம்மா, கொஞ்சம் கூச்ச..."

"உங்களக் கேக்கலண்ணா. அவரக் கேட்டேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். காது சுட்டது. ஆனால் உள்ளே அதைவிடச் சூடாக ஒன்று பல மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதுதான் பேசியது என்று நினைக்கிறேன்.

"கீது," என்றேன். "பல்லு பாக்கத்தான் தொறக்க வுட்டாங்க. வேற எதுக்கும் யாரும் வுடல. எனுக்கு உங்களத்தான் புடிச்சிருக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல."

பெரிய மருமகன்தான் முதலில் சிரித்தார். பாவா என்னைப் பேய் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பெண்ணின் அப்பா எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல உள்ளே போய்விட்டார்.

அவள் அப்போதும் திரும்பவில்லை. முதுகு மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. நாடாவைக் கையில் எடுத்து, தார் தீர்ந்திருக்கிறதா என்று பார்த்து, திரும்பப் போட்டாள்.

"தை மாசமே வெச்சிக்கலாம் நைனா," என்று உள்ளே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அதுக்குள்ள இன்னொரு வைத்தியரக் கண்டுபுடிச்சிடாதீங்க."